பேராலயத் தரையில் ஒரு கதிரவக் கோடு

பங்கின் இளைஞர் கூட்டமொன்றில், கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஃபாதர், கலிலேயோவைத் திருச்சபை தண்டித்தது உண்மைதானா?" என்று கேட்டாள். உண்மைதான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தகைய வினாக்களுக்கென்று பல ஆண்டுகளாக நான் கைவசம் வைத்திருக்கும் விடைகளையும் உடனே எடுத்து நீட்டினேன். கதிரவனை நடுவே வைத்த கோப்பர்னிக்கசு ஒரு பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் பணியாற்றியவர். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி. அண்டம் விரிகிறது என்று முதலில் எழுதியோருள் ஒருவரான லெமேத்தர் ஒரு குரு. 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கலிலேயோவுக்குத் தீர்ப்பளித்த இறையியலார் தவறினர் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தி வந்தபோது நான் குருமாணவன். ஒரு பழைய கடன் தீர்ந்ததுபோல் எங்களுக்குள் மகிழ்ந்தோம்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்பு, "சரி ஃபாதர், கடைசியில் யார்தான் வென்றது?" என்றாள்.

அந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. வீடு திரும்பி எண்ணிப் பார்த்தபோதுதான், குறை அவளிடம் இல்லை என்று தெரிந்தது. நான் அடுக்கிய விடைகள் அனைத்தும் ஒரு வழக்கில் எதிர்த்தரப்புக்கு எடுத்துவைக்கும் சான்றுகளாகவே இருந்தன. வழக்கென்றால் தீர்ப்பு வேண்டுமல்லவா? அவள் தீர்ப்பைத்தான் கேட்டாள். அறிவியலின் வரலாற்றை வழக்காக அல்லாமல் வேறு வகையில் எழுதவே முடியாதா என்ற எண்ணத்தோடு, கடந்த சில பத்தாண்டுகளில் அத்துறையில் வெளிவந்த நூல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். அந்தப் புதிய ஆய்வுநெறி எதைத் தருகிறது, எங்கே தடுமாறுகிறது என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தரப்பு வரலாறுகள்

1874-ஆம் ஆண்டு ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் வேதியியல் அறிஞர், சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையே நடந்த மோதலின் வரலாறு என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். 1896-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட், அதே பொருளை இரு தொகுதிகளாக விரித்தெழுதினார. இவ்விருவர் வரைந்த ஓவியமே இன்றுவரை பள்ளிப் பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் உலவி வருகிறது. ஒருபுறம் ஒளி, மறுபுறம் இருள், நடுவே கலிலேயோ.

நம் தரப்பும் வாளாவிருக்கவில்லை. பிரெஞ்சு இயற்பியலாளரும் ஆழ்ந்த கத்தோலிக்கருமான பியேர் துகெம் (1861–1916), 14-ஆம் நூற்றாண்டுப் பாரிசு நகர ஆசிரியர்களான பூரிடான், ஒரேம் ஆகியோரின் கையெழுத்துப் படிகளைத் தூசி தட்டி எடுத்து, இடைக்கால இருள் என்ற கதையைப் பெரிதும் அசைத்தார். அவருடைய உழைப்பு மலைக்கத்தக்கது. ஆயினும் 1277-இல் பாரிசு ஆயர் அரிஸ்டாட்டில் வழிவந்த கூற்றுகள் பலவற்றைக் கண்டித்த அந்நாளையே புதிய அறிவியலின் பிறந்த நாளாகக் கொள்ளலாம் என்று அவர் எழுதும்போது, ஆய்வாளரின் குரல் தேய்ந்து வழக்குரைஞரின் குரல் ஓங்குகிறது. எதிர்த்தரப்பு இருட்டென்று சொன்ன இடத்தில் துகெம் விளக்கேற்றினார். ஆனால் விவாதம் அதே மன்றத்தில்தான் நடந்தது.

இரு தரப்புக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டுமே அறிவியலைப் பெருமக்களின் தலைக்குள் தோன்றும் கருத்துகளின் ஊர்வலமாகக் கண்டன. அக்கருத்து எந்த அறையில், எந்தக் கருவியைக் கொண்டு, யாருடைய கையால், யாருடைய பணத்தில், என்ன தேவைக்காகப் பிறந்தது என்று அவை கேட்கவில்லை.

கேள்வியை மாற்றியவர்கள்

அக்கேள்விகளைக் கேட்பதுதான் புதிய நெறி. அதன் வித்து ஒன்றை 1961-இல் காணலாம். கருத்து வரலாற்றின் பேராசானாகிய அலெக்சாந்தர் கோய்ரே, சாய்தளத்தில் பந்தை உருட்டி நீர்க்கடிகாரத்தால் நேரம் அளந்ததாகக் கலிலேயோ எழுதியிருப்பதை நம்ப மறுத்திருந்தார். அவ்வளவு எளிய கருவியால் அவ்வளவு துல்லியம் கிட்டாது என்பது அவர் வாதம். அப்போது ஆய்வு மாணவராக இருந்த தாமசு செட்டில் வாதாடவில்லை. பலகையும் பந்தும் நீர்ப்பாத்திரமும் தேடி, அச்சோதனையைத் தானே செய்து பார்த்தார். துல்லியம் கிட்டியது. நூலகத்தில் அமர்ந்து தீர்க்க முடியாத ஒரு வரலாற்று வினாவைக் கையும் கண்ணும் தீர்த்தன. இன்று இது ஒரு தனி முறையாகவே வளர்ந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமேலா ஸ்மித்தின் குழுவினர், 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைவினைக் குறிப்பேடு ஒன்றிலுள்ள வார்ப்பு முறைகளையும் சாயக் குறிப்புகளையும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தே அதைப் பதிப்பித்தனர். அப்பதிப்பு 2020-இல் வெளிவந்தது.

குருமடத்தில் விவிலியம் பயின்ற எவருக்கும் இந்நெறி முற்றிலும் புதிதன்று. செருமானிய அறிஞர் ஹெர்மான் குங்கல், ஒரு திருப்பாடலைப் படிக்கும்போது அது எந்த வாழ்க்கைச் சூழலில் பிறந்தது, எந்த வழிபாட்டில் பாடப்பட்டது, யார் வாயில் ஒலித்தது என்று கேட்கக் கற்றுத் தந்தார். இக்கேள்விகள் இறைவார்த்தையைக் கரைத்துவிடும் என்று தொடக்கத்தில் அஞ்சியோர் பலர். 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், பண்டைய இலக்கிய வகைகளைக் கருத்தில் கொண்டே மறைநூலை விளக்க வேண்டும் என்றார். சூழலை அறிந்ததால் திருப்பாடல் சிறுத்துப்போகவில்லை. அது மண்ணில் கால் ஊன்றியது. அறிவியலின் வரலாற்றாசிரியர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

பொலோஞாவின் கோடு

இந்நெறியில் எழுந்த நூல்களுள் என்னை மிகவும் ஈர்த்ததும் கலங்கவைத்ததும் ஜான் ஹெயில்பிரன் 1999-இல் வெளியிட்ட 'ஆலயத்தில் கதிரவன்'. பேராலயங்கள் கதிரவனை அளக்கும் வானாய்வுக் கூடங்களாக விளங்கியதை விளக்கும் நூல் அது. ஹெயில்பிரன் இயற்பியல் பயின்று, தாமசு குன்னிடம் வரலாறு கற்றவர்.

நூலின் நடுநாயகம், இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள புனித பெத்ரோனியு ஆலயம். 1390-இல் தொடங்கப்பட்டு, முகப்பு இன்றளவும் முற்றுப்பெறாது நிற்கும் மாபெரும் செங்கல் கோவில். அதன் கூரையில் ஒரு சிறு துளை. தரையில், தூண்களுக்கிடையே சாய்ந்தோடும் ஏறத்தாழ 67 மீட்டர் நீளமான ஒரு கோடு. நாள்தோறும் உச்சிப்பொழுதில், துளைவழி நுழையும் கதிரவ ஒளி வட்ட வடிவில் அக்கோட்டைக் கடந்து செல்லும். கோடையில் கதிரவன் உயர இருப்பதால் ஒளிவட்டம் துளைக்கு அருகிலேயே, சிறியதாக விழும். மாரியில் கதிரவன் தாழ்வதால் வெகு தொலைவில், நீண்ட முட்டை வடிவில் விழும். வட்டம் கோட்டில் எங்கே விழுகிறது என்று அளந்தால் கதிரவனின் உயரம் தெரியும். இருட்டான, உயரமான, அசையாத கட்டடம் ஒன்று போதும், அதுவே கருவியாகிவிடும். அந்நாளில் ஒரு பேராலயத்தைவிடப் பொருத்தமான கட்டடம் வேறு எது?

ஆலயத்துக்கு இக்கருவி ஏன் வேண்டியிருந்தது? உயிர்ப்புப் பெருவிழாவுக்காக. இளவேனிற் காலச் சம பகலிரவு நாளை அடுத்துவரும் முழுநிலவுக்குப் பின்வரும் ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. அச்சம நாளை மார்ச் 21 என்று திருச்சபை கணக்கில் கொண்டிருந்தது. ஆனால் யூலியசு சீசரின் நாட்காட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடங்கள் மிகையாகக் கணக்கிட்டதால், 16-ஆம் நூற்றாண்டில் உண்மையான சம நாள் மார்ச் 11-க்கே வந்துவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் பத்து நாள்களை நீக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இத்திருத்தம் என்றென்றும் சரியாக நிற்குமா என்று சோதிக்க, ஆண்டின் நீளத்தை இன்னும் நுட்பமாக அளக்க வேண்டியிருந்தது. எனவே ஆலயத் தரைகளில் கோடுகள் வரையப்பட்டன.

பொலோஞாவில் முதற்கோட்டை வரைந்தவர் சாமிநாதர் சபைத் துறவி எஞ்ஞாசியோ தாந்தி. தூண்களுக்கு ஒதுங்கிச் சென்றதால் அது துல்லியமான வடக்கு–தெற்காக அமையவில்லை. பின்னர் ஆலயம் விரிவாக்கப்பட்டபோது அதுவும் பயனற்றுப்போனது. 1655-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் இளம் வானியல் பேராசிரியர் ஜியோவான்னி தொமேனிக்கோ கசீனி, இயலாது என்று பலரும் கருதிய ஒன்றைச் செய்தார். தூண்களுக்கிடையே நேர்க்கோடு புகும் வழியைக் கணித்துப் புதுக்கோடு அமைத்தார். துளை தரையிலிருந்து 27.07 மீட்டர் உயரத்தில். துளையின் விட்டம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோட்டின் நீளம் புவியின் சுற்றளவில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு என்று பளிங்கிலேயே பொறித்துவைத்தனர்.

இனி வருவதுதான் நூலின் உயிர்ப்பகுதி. கதிரவன் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதாகத் தோன்றுவதில்லை. சனவரியையொட்டி விரைகிறது, சூலையையொட்டித் தளர்கிறது. பழைய வானியலார், வேகம் உண்மையில் மாறுவதில்லை, தொலைவு கூடுவதால் தளர்வதுபோல் தோன்றுகிறது என்றனர். கெப்ளரோ, பாதி தோற்றம், பாதி உண்மை என்றார். இரண்டில் எது சரி? தொலைவு மட்டுமே காரணமானால், கதிரவனின் வேகம் எவ்வளவு மாறுகிறதோ அதே விகிதத்தில் அதன் தோற்ற விட்டமும் மாற வேண்டும். கெப்ளர் சொல்வது சரியானால், விட்டம் அதில் பாதியளவே மாற வேண்டும். கசீனி தரையில் விழுந்த ஒளிவட்டத்தைப் பருவந்தோறும் அளந்தார். பாதிதான் மாறியது. கெப்ளர் சரி.

இதைப் படித்தபோது நூலை மூடிவைத்துச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். கலிலேயோ தண்டிக்கப்பட்டது 1633 சூன் 22-இல். அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின், திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட நகரொன்றில், நற்கருணை வைத்திருக்கும் ஆலயத்தின் தரையிலேயே, கோப்பர்னிக்கசின் வழிவந்த கெப்ளரின் கூற்றொன்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது!

நூலின் நிறையும் குறையும்

இந்நூலில் என் கையிருப்பை இன்னும் பெருக்கும் சான்றுகள் ஏராளம். இடைக்காலப் பிற்பகுதியிலிருந்து அறிவொளிக் காலம்வரை, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள், வானியல் ஆய்வுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை தந்த பொருளுதவிக்கும் ஆதரவுக்கும் இணையாக வேறெந்த நிறுவனமும் தந்ததில்லை என்று ஹெயில்பிரன் தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். சமய ஆர்வத்தால் உந்தப்பட்டு எழுதிய சொற்கள் அல்ல இவை. அடுத்த இளைஞர் கூட்டத்துக்கு இது போதுமே என்று என் மனம் துள்ளியதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நூலை இறுதிவரை படிப்பவர் அவ்வளவு எளிதாகத் துள்ள முடியாது. கசீனியின் அளவீடு சொன்னது என்ன? கதிரவனுக்கும் புவிக்கும் இடையிலான தொலைவும் வேகமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை மட்டுமே. சுற்றுவது எது என்பதை அது சொல்லவில்லை. கதிரவன் புவியைச் சுற்றினாலும், புவி கதிரவனைச் சுற்றினாலும் தரையிலுள்ள ஒளிவட்டம் ஒன்றே. அதனால்தான் அம்முடிவைத் தடையின்றி வெளியிட முடிந்தது. அளக்கலாம், அளந்ததை அச்சிடலாம், அதன் இயல்பான பொருளை மட்டும் உறுதியாகச் சொல்லலாகாது. புவியின் இயக்கத்தைக் கற்பிக்கும் நூல்கள்மீது பொதுவாக இருந்த தடை 1757-இல்தான் நீங்கியது. கலிலேயோவின் உரையாடல் நூல் தடைநூல் பட்டியலிலிருந்து மறைந்தது 1835 பதிப்பில்தான். திருச்சபை அறிவியலுக்குப் பணம் தந்தது, கட்டடம் தந்தது, காலம் தந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லும் உரிமையைத் தரவில்லை. ஆதரவு வேறு, உரிமை வேறு. இவ்வேறுபாட்டை ஹெயில்பிரன் மறைக்கவில்லை எனினும், ஆதரவின் பேரெழில் அவரை அவ்வப்போது மயக்குகிறது என்பது என் கருத்து. நம்மவர்கள் இந்நூலை மேற்கோள் காட்டும்போது முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது அதனினும் பெரிய குறை. நானும் அதைத்தான் செய்யவிருந்தேன்.

மற்றொரு குறை நூலின் பார்வைக்கோணத்தைச் சார்ந்தது. இதில் கர்தினால்கள் வருகிறார்கள், பேராசிரியர்கள் வருகிறார்கள், வடிவியல் வரைபடங்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. கணிதம் மறந்துபோன என்போன்றோர் மூச்சிரைத்துத்தான் ஏற வேண்டும். ஆனால் 67 மீட்டர் பளிங்கைச் சிறிதும் மேடுபள்ளமின்றிப் பதித்த கைகள்மீது போதிய வெளிச்சம் விழவில்லை. தரை ஓரிடத்தில் சிறிது சரிந்தாலும் அளவு தவறும். அப்படியாயின் கெப்ளரின் கூற்றுக்குச் சான்று பகர்ந்தவர்களுள் கல் பதித்த கொத்தனும் ஒருவனல்லவா?

பெயரில்லாக் கைகள்

அக்கைகளைத் தேடுவதே புதிய நெறியின் மற்றொரு கிளை. ஸ்டீவன் ஷேபின் 1989-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் கருவி இயக்கியோரும் உலை ஊதியோரும் அளவு குறித்தோரும் எவ்வாறு ஏடுகளிலிருந்து மறைந்துபோனார்கள் என்று காட்டுகிறது. சோதனை வெற்றி பெற்றால் அது பாயிலின் சோதனை. கண்ணாடிக் கலம் உடைந்தால்தான் உதவியாளனின் நினைவு வரும்.

இத்தகைய மறைவு நம் மண்ணிலும் நிகழ்ந்திருக்கிறது. விழா நாளைக் குறிப்பதற்காக வானத்தைக் கணித்தவர்கள் பொலோஞாவில் மட்டும் இருந்ததில்லை. ஜான் வாரன் என்னும் அலுவலர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொணர்ந்து, எழுதுகோலோ ஏடோ இன்றி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணிக்குட்பட்ட பிழையே அதில் இருந்தது. வாரனுக்கு வியப்புத்தான். எனினும் அம்மனிதரைக் கோட்பாடு அறியாதவர், நினைவாற்றல் மிக்கவர் என்ற அளவிலேயே அவர் மதிப்பிட்டார்.

1952-இல் பண்டைய வானியல் வரலாற்றின் பேரறிஞர் ஓட்டோ நொய்கெபவர் இந்நிகழ்ச்சியைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு 'தமிழ் வானியல்' என்றே கட்டுரைக்குத் தலைப்பிட்டார். ஆனால் அவர் கண்கள் தேடியது பாபிலோனை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட மெசொப்பொத்தாமியக் கணிதமுறை கிரேக்கர் வழியாகத் தென்னிந்தியா வந்து, 19-ஆம் நூற்றாண்டுவரை உயிரோடிருந்தது என்பதற்கு அக்கணிதர் அவருக்கு ஒரு சான்றாகப் பயன்பட்டார். அரிய ஆய்வு அது, ஐயமில்லை. எனினும் முதலாமவர் அம்மனிதரிடம் கோட்பாட்டைத் தேடிக் காணாமல் விட்டார். இரண்டாமவர் அவர் வழியாகத் தொல்பழங்காலத்தைக் கண்டார். சோழி நகர்த்திய கை எங்கே கற்றது, எந்த ஆசிரியரிடம், எத்தனை ஆண்டுகள், எந்தத் திண்ணையில் என்று இருவருமே கேட்கவில்லை.

இன்று கேட்கிறார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வு செய்துவரும் து. செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், தமிழகத்தில் எண்ணும் அளவும் சமுதாயத்தில் எவ்வாறு இயங்கின என்று ஆராய்கிறது. கணக்கதிகாரச் சுவடிகள், திண்ணைப் பள்ளியில் சிறுவர் உரக்கச் சொல்லி மனத்தில் பதித்த எண்சுவடி, கணக்கரின் தொழில், நிலம் அளப்போரின் உழைப்பு ஆகிய யாவும் அதில் ஒன்றோடொன்று இணைகின்றன. மனப்பாடம் என்பது அறிவின் எதிர்ப்பதம் என்று எண்ணிப் பழகிய நமக்கு, அது அறிவின் ஒரு கருவியாகவே இருந்தது என்று உணர்த்தும் இத்தகைய ஆய்வுகள் தேவை. வாரன் காணத் தவறியதைக் காணும் கண்ணை அவை தருகின்றன.

எல்லாம் சூழல்தானா?

இந்நெறியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஷேபினும் சைமன் ஷேஃபரும் சேர்ந்து 1985-இல் எழுதிய நூல் இத்துறையின் திருப்புமுனை எனப்படுகிறது. பாயிலின் காற்றிறைப்பானை முன்வைத்து, அறிவியல் உண்மை என்பது கருவியாலும், மதிப்புக்குரிய சாட்சிகளாலும், எழுதும் முறையாலும் எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது என்று அவர்கள் காட்டினர். காட்டியதெல்லாம் உண்மை. ஆனால் நாம் அறிவது இயற்கையால் அன்று, நம் செயல்களாலேயே உருவாகிறது என்ற முடிவை நோக்கி அந்நூல் சாயும்போது, எனக்குக் கால் நடுங்குகிறது. உண்மை என்பது மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை மட்டும்தான் என்றால், கலிலேயோவின் நீதிபதிகளைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? அவர்களுக்குள்ளும் உடன்பாடு இருந்ததே.

இதற்கு விடையும் பொலோஞாவின் தரையிலேயே கிடக்கிறது. அக்கோட்டுக்குப் பணம் கொடுத்தோர் கேட்டது உயிர்ப்பு ஞாயிற்றின் நாளை. அவர்கள் சமயம், அரசியல், நகரப் பெருமை யாவும் அப்பளிங்கில் கலந்திருந்தன. கெப்ளரின் கூற்றை மெய்ப்பிக்க அவர்கள் யாரும் பணம் ஒதுக்கவில்லை. எனினும் ஒளிவட்டம் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு விரியவோ சுருங்கவோ இல்லை. கேட்டது ஒன்று, தரை விடையளித்தது மற்றொன்றுக்கும் சேர்த்து. அறிவியல் எங்கே, எதற்காக, யாரால் பிறக்கிறது என்பதைச் சூழல் முடிவு செய்யலாம். அளந்தபின் வரும் எண்ணைச் சூழல் முடிவு செய்வதில்லை. புதிய நெறியினர் இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளும்போது அவர்கள் எழுத்து ஒளிர்கிறது. இரண்டாவதைக் கைவிடும்போது தளர்கிறது. விவிலிய ஆய்விலும் நாம் கற்ற பாடம் இதுவே. வார்த்தை மனிதச் சூழலில் உருவெடுத்தது. சூழல் அதை விழுங்கிவிடவில்லை.

ஜான் ஹெட்லி புரூக் 1991-இல் எழுதிய நூலொன்றில், சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான உறவை மோதல் என்றோ இணக்கம் என்றோ ஒரே சொல்லில் அடக்க முடியாது என்று விரிவாக நிறுவினார். முதலில் படித்தபோது இது நழுவலான விடையாகவே எனக்குப் பட்டது. இப்போது அதன் கடுமை புரிகிறது. ஒரே சொல்லில் அடக்காவிட்டால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதனதன் இடத்தில் வைத்துக் கூற வேண்டும். நமக்குப் பெருமை தருவதையும் நாணம் தருவதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். வழக்குரைப்பது இதைவிட எளிது.

அம்மாணவியை மீண்டும் சந்தித்தபோது, யாரும் வென்ற கதையன்று அது என்று தொடங்கி, பொலோஞாவின் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அளக்க அனுமதித்ததையும், சொல்ல அனுமதிக்காததையும் சேர்த்தே சொன்னேன். என் பட்டியலைக் கேட்டபோது இல்லாத ஆர்வம் அவள் முகத்தில் தெரிந்தது. ஒளிவட்டத்தின் விளிம்பு மங்கலாக இருக்குமே, அதை எப்படி அளந்திருப்பார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. நூலைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அண்மையில் எங்கள் ஆலயத்தின் கூரையைச் செப்பனிடும்போது பழைய கணக்கேடு ஒன்றைப் புரட்ட நேர்ந்தது. சுண்ணாம்பு எத்தனை மூட்டை, கடுக்காய் எவ்வளவு, தேக்குக்கு என்ன விலை என்று ஒவ்வொன்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கட்டியவர் பற்றி மட்டும் 'கொத்தன் கூலி', 'ஆசாரி கூலி' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இந்த ஆண்டுக் கணக்கை எழுதும் உபதேசியாரிடம், கூரைமேல் ஏறிய ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள் என்று கூறியிருக்கிறேன். எதற்கு சாமி என்று கேட்டார். பின்னாளில் யாராவது தேடி வருவார்கள் என்றேன்.